மூன்றாவது மிதி

ஒபுவோவில் ஹென்னியின் முற்றத்தில்
இரண்டு வண்டிகள் நின்றன.
ஒரே வெள்ளை, ஒரே வருடம்,
கதவுகளில் ஒரே மாதிரி முள் கீறல்.
ஒன்றுக்கு மூன்று மிதி, மற்றதற்கு இரண்டு.
அவ்வளவுதான் வித்தியாசம் என்றான்.
தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஹுவாருசிப் மணலில் இறங்கியவன்
அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டான்.

முதல் நாள் மேனுவல்.
பதினொரு வருடமாக என் இடது காலுக்குத் தெரிந்தது அதுதான்.
ஹுவாருசிப் பெயருக்குத்தான் ஆறு,
மற்றபடி சலித்த மாவு.
டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டாவது கியரில் போனோம்.
எஞ்சின் மூச்சு வாங்கியது.
முதலாவதுக்கு மாற்றக் கிளட்சை மிதித்தேன்.
அரை நொடி.
அந்த அரை நொடிக்காகத்தான்
மணல் அத்தனை நேரம் காத்திருந்தது.
அச்சு வரைக்கும் உள்ளே.
முஹாபிகுவா இறங்கி
மண்வெட்டியை எடுத்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

மறுநாள் ஆட்டோமேட்டிக்.
அதே மணல், நேற்று நாங்கள் வெட்டிய குழிக்குப் பக்கத்திலேயே.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல் போயிற்று.
எப்போது கியர் மாறியது என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
என் இடது கால்
தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளியாய்
எங்கே வைப்பதென்று புரியாமல்
ஓரமாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் மேற்கே அந்தக் கல் இறக்கம்.
வரைபடத்தில் பெயரில்லை, நாங்கள் பல்லுடைப்பான் என்போம்.
மேனுவலை லோ ரேஞ்ச் முதலாவதில் போட்டு
இரண்டு காலையும் எடுத்துவிட்டேன்.
பாறை பாறையாகப் பற்களால் கவ்வி
அது தானே இறங்கியது, வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி.
மற்றது
பாதி வழியில் பிடியைத் தளர்த்தி
பிரேக்கை என் தலையில் கட்டியது.
அடிவாரத்தில் கருகல் வாசனை.
கியர் எண்ணெய் சூடென்று ஒரு சிவப்பு விளக்கு வேறு.

பேட்டரி செத்தால் மேனுவலைத் தள்ளிக் கிளப்பலாம் என்றான் ஹென்னி.
யார் தள்ளுவது?
நான் உள்ளே, முஹாபிகுவா வெளியே,
சுற்றிலும் நாற்பது ஆடுகள்.
ஆடு தள்ளாது, முட்டும்,
அதுவும் முன்பக்கம் வந்து.

இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.
மணல் இதற்கு ஒன்று, மலை அதற்கு ஒன்று,
டீசல், உதிரி பாகம்,
விண்ட்ஹூக்கிலிருந்து மெக்கானிக் வர எத்தனை நாள்.
கணக்கு எங்கும் சாயவில்லை.

அப்புறம் பிப்ரவரி ஞாபகம் வந்தது.
செருப்புக்குள் இருந்த தேள்.
இடது பாதம் பூசணி போல வீங்கி
விரலை அசைத்தாலே கண் இருட்டியது.
ஊருக்கு அறுபது கிலோமீட்டர்.
முஹாபிகுவா நர்ஸ்.
ஊசி போடுவாள், பிரசவம் பார்ப்பாள்,
ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.
இடப்பக்க இருக்கையிலிருந்து நகர்ந்து
தன் வலது காலை என் பக்கம் நீட்டினாள்.
எந்த மிதி, என்றாள்.
மிதி, என்று கத்துவேன். மிதிப்பாள்.
நான் கியரைத் தள்ளுவேன்.
விடு, என்பேன். சட்டென்று விடுவாள்,
வண்டி ஆட்டுக்குட்டியாய்த் துள்ளி நின்றுபோகும்.
மெதுவா விடு. மெதுவா.
மிதி, விடு, மிதி, விடு.
நான்கு மணி நேரம் இரண்டு பெண்கள்
மூன்று காலால் ஓட்டினோம்.
ஒபுவோ விளக்குகள் தெரிந்தபோது
எனக்குக் குரலே இல்லை.
அவள் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் இரண்டு மிதி வண்டிக்குக் கையெழுத்துப் போட்டேன்.
மலைக்காரி நீ, மனம் மாறிவிட்டாயே என்றான் ஹென்னி.
பாதம் குத்துகிறது, சாவியைக் கொடு என்றேன்.

ஒன்பது நாளில் முஹாபிகுவா கற்றுக்கொண்டாள்.
பல்லுடைப்பானில் மட்டும் இன்னும் நான்தான்,
பாதியில் நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டு,
பழைய வண்டியை நினைத்துக் கொஞ்சம் திட்டி.
மற்ற இடமெல்லாம் அவள்.

இன்றைக்கு ஹுவாருசிப்பில்
அவள் ஓட்ட, இடப்பக்கம் நான்.
மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தபோது
என் இடது கால் தானாகப் போய்
ரப்பர் விரிப்பை அழுத்தி மிதித்தது.

விடு, என்றாள் அவள்,
பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
மெதுவா விடு.